ஒரு வதந்தியின் தடத்தைப் பிடிப்பது எப்படி?

வைரலான பொய்களை மட்டும் திரட்டிக்கொண்டு ஆய்வில் இறங்காதீர்கள். கிளம்பிய இடத்திலேயே அடங்கிப்போன பொய்களும், அதே நாட்களில் வந்த உண்மைச் செய்திகளும் பக்கத்தில் இருந்தால்தான் 'இது ஏன் பரவியது' என்று கேட்கவே முடியும். ஒரே தலைப்பு, ஒரே மாதம், 30 பொய், 30 உண்மை: தொடங்க இது போதும்.

2018இல் சயின்ஸ் இதழில் வந்த, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வு இரண்டையும் அருகருகே வைத்துத்தான் பார்த்தது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளில், 1,500 பேரை எட்ட உண்மைக்குப் பொய்யைவிட ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானாக இயங்கும் பாட் கணக்குகளைக் கழித்த பிறகும் முடிவு மாறவில்லை. பொய் வேகமாகப் பரவியதற்குக் காரணம் மனிதர்கள்தான்.

பதிவைக் கண்டவுடன் சேமியுங்கள், நாளைக்கு அது அழிந்திருக்கலாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அதில் '3 மணி நேரத்துக்கு முன்' என்றுதான் இருக்கும். லிங்க், துல்லியமான நேரம், பகிர்வு எண்ணிக்கை, இணைய ஆவணக் காப்பகத்தில் ஒரு நகல் எல்லாம் வேண்டும். நேரத்தை எப்போதும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். இரண்டு நேர மண்டலங்கள் கலந்துவிட்டால் நகலெடுத்தவர் முதலில் பதிவிட்டவருக்கு முந்தியவராகத் தெரிவார், தடம் முழுவதும் தலைகீழாகிவிடும்.

படங்களில் இன்னொரு சிக்கல். அளவைச் சற்றுக் குறைத்தாலே எஸ்எச்ஏ-256 போன்ற கோப்பு ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) முற்றிலும் மாறிவிடும். பட ஒற்றுமையைக் காட்டும் பிஹாஷ் பயன்படுத்துங்கள். இரண்டு படங்களின் பிஹாஷை ஒப்பிடும்போது 64 பிட்டில் மாறுபடுபவை 10க்குள் இருந்தால் ஒரே படமாக இருக்கலாம் என்று எடுத்துவைத்து, கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஓரம் வெட்டிய படமும் இடவலம் திருப்பிய படமும் இதில் தப்பிவிடும். அவற்றை ரிவர்ஸ் இமேஜ் தேடலில் தேட வேண்டும்.

வகைப்படுத்தும் வேலையை இரண்டு பேர் தனித்தனியே செய்யட்டும்: முழுப் பொய், பழைய படத்துக்குப் புதுக் கதை, பகடி, உறுதியாகாதது. இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கிரிப்பெண்டார்ஃப் ஆல்ஃபா என்ற அளவு 0.8க்குக் கீழே வந்தால் ஆட்களைக் குறை சொல்லாதீர்கள், வரையறையைத் திருத்துங்கள். மூடிய குழுக்களுக்குள் மறைந்திருந்து தரவு எடுப்பது கூடாது. பெயர்களை முதல் நாளே நீக்கிவிடுங்கள்.

தடுக்கும் வழிகளில் வேகத்தைக் குறைப்பதற்கு நல்ல பலன் உண்டு. பலமுறை ஃபார்வர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அத்தகைய ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. மறுப்பு எழுதுபவர்கள் உண்மையை முதல் வரியில் சொல்ல வேண்டும், பொய்யை ஒரே ஒரு முறை குறிப்பிட்டு அது எங்கே பிசகுகிறது என்று காட்ட வேண்டும், மறுபடி உண்மையில் முடிக்க வேண்டும். பொய்ப் படத்தைப் போடுவதானால் குறுக்கே பெரிய கோடு அவசியம். இல்லையேல் உங்கள் மறுப்பிலிருந்தே அதை வெட்டி எடுத்து மறுபடி அனுப்புவார்கள்.

எந்த வழியைச் சோதித்தாலும் ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, பொய்ப் பகிர்வோடு உண்மைப் பகிர்வையும் அளந்து பாருங்கள். இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் மக்கள் எதையுமே பகிராமல் ஒதுங்கிவிட்டார்கள் என்றுதான் பொருள்.