எச்.எம்.டி. ஜனதாவைப் பிரித்து எண்ணெய் வைப்பது எப்படி?

சாவி கொடுத்தால் பத்து நிமிஷம் ஓடிவிட்டு நின்றுபோகும் வாட்சில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், அவ்வளவுதான். பழக எச்.எம்.டி. ஜனதா நல்ல வாட்ச். ஆனால் தாத்தா கட்டிய வாட்சில் கை வைக்காதீர்கள், ஓடாத ஒன்றை மலிவாக வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். சாவி கொடுக்கும்போது பேரல் என்ற சின்ன உருளைப் பெட்டிக்குள் மெயின் ஸ்பிரிங் இறுகுகிறது, அது விரியப் பார்க்கும் விசை பல்சக்கரங்களைத் தாண்டி எஸ்கேப் வீலுக்கு வருகிறது, அதன் பற்களை பாலட் ஃபோர்க் என்ற கவை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து விடுகிறது. நாம் கேட்கும் டிக் டிக் அந்தப் பிடிப்புதான். எப்போது விட வேண்டும் என்று சொல்வது, இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் வீல். ஜனதாவில் மணிக்கு 18,000 தட்டு, அதாவது நொடிக்கு 5, ஒரு நாளைக்கு 4,32,000. இத்தனை ஆட்டத்தையும் தாங்குவது டயலில் ‘17 ஜூவல்ஸ்’ என்று போட்டிருக்கிறதே, அந்தச் செயற்கை மாணிக்கக் கற்கள்.

சரி, பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலை ஸ்பிரிங்கின் விசையை இறக்குவது. குமிழை இரண்டு விரலால் பிடித்துத் துளி முன்னே திருப்புங்கள், பெரிய ராட்செட் சக்கரத்தைத் தடுத்து நிற்கும் கிளிக் என்ற சின்னக் கொக்கியைக் குச்சியால் விலக்குங்கள், குமிழை விரலுக்குள் மெல்ல மெல்ல வழுகவிடுங்கள். நான் முதல் தடவை இதை மறந்து பாலட் ஃபோர்க்கைக் கழற்றினேன். விர்ர்ரென்று சக்கரங்கள் சுழன்று நின்றபோது ஒன்றின் அச்சுமுனை போயிருந்தது.

அப்புறம் முள், டயல். அதன்பின் பேலன்ஸ் வீலைப் பிடித்திருக்கும் தகடான பேலன்ஸ் பிரிட்ஜின் ஸ்க்ரூவைக் கழற்றி, சக்கரம் தன் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் தொங்கத் தொங்கத் தூக்கி மல்லாக்க வையுங்கள். ஹேர் ஸ்பிரிங் எதிலும் மாட்டக் கூடாது. பிறகு பாலட் ஃபோர்க், மேல் பிரிட்ஜ், சக்கரங்கள், பேரல். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள், ஸ்க்ரூக்களை மாத்திரை டப்பாவில் தனித்தனியாகப் போடுங்கள். ராட்செட் சக்கரத்தை ஒட்டியிருக்கும் கிரவுன் வீலின் ஸ்க்ரூ மட்டும் பல வாட்சுகளில் தலைகீழ் மரை (வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்), கழலவில்லை என்று பலம் காட்டினால் தலை முறிந்துவிடும்.

கழுவ லைட்டர் பெட்ரோல் போதும். ஆல்கஹாலில் பாலட் ஃபோர்க்கை ஊறப் போடாதீர்கள். அதன் கற்களை ஒட்டியிருப்பது அரக்கு, கரைந்துவிடும். கல் துளைகளைக் கூர் சீவிய மரக்குச்சியால், குச்சி சுத்தமாக வெளியே வரும்வரை திருகித் துடையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இங்கே ஏமாற்றினால் பிரித்ததே வீண்.

பூட்டுவது அப்படியே பின்னாலிருந்து முன்னால். மேல் பிரிட்ஜை வைக்கும்போது எல்லா அச்சுமுனைகளும் துளைக்குள் இறங்கிச் சக்கரங்கள் தாராளமாகச் சுற்றினால் மட்டுமே ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். பாலட் ஃபோர்க் மாட்டியதும் சாவியை இரண்டு சுற்று கொடுத்து ஃபோர்க்கைத் தொடுங்கள், சட்டென்று மறுபக்கம் தாவ வேண்டும். தயங்கினால் எங்கோ அழுக்கு இருக்கிறது, மறுபடி பிரியுங்கள்.

எண்ணெயில்தான் எல்லோரும் தாராளம் காட்டிக் கெடுக்கிறார்கள். தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். வேகமாக ஓடும் சக்கரங்களுக்கு மோபியஸ் என்ற வாட்ச் எண்ணெய் பிராண்டின் 9010, மெதுவாகச் சுற்றும் நடுச்சக்கரத்துக்குக் கெட்டியான டி5. கல்லில் இருக்கும் சின்னக் குழி பாதி நிறைந்தால் போதும், வழிந்தால் எண்ணெய் முழுதும் அதன் பின்னாலேயே ஓடிவிடும். பல்சக்கரப் பற்களுக்கும் பாலட் ஃபோர்க்கின் அச்சுக்கும் எண்ணெயே கிடையாது. பாலட் கற்களின் முகத்தில் மட்டும் அதே மோபியஸின் 9415 ஒரு துளி.

கடைசியாக பேலன்ஸை இறக்கி, அதன் கீழே இருக்கும் சின்ன மாணிக்கம் ஃபோர்க்கின் வாயில் உட்கார்ந்ததா என்று லூப் என்ற பூதக்கண்ணாடியில் பாருங்கள். உட்கார்ந்திருந்தால் ஸ்க்ரூவை முறுக்கி முடிப்பதற்குள்ளேயே ஆட ஆரம்பித்துவிடும்.