கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடக்க நல்ல நேரம்

கொடைக்கானல் ஏரியை நடந்து பார்க்க நினைப்பவர்கள் காலை ஆறரைக்குள் இறங்கிவிடுங்கள். சுற்றுச்சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். நின்று நின்று நடந்தாலும் ஒன்றரை மணி நேரம்தான். ஒன்பது மணிக்கு மேல் வாடகை சைக்கிளும் குதிரைகளும் வந்துவிட்டால், வேடிக்கை பார்ப்பதைவிட ஒதுங்குவதுதான் வேலையாகிவிடும்.

1863இல், மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஓடையை மறித்துக் கட்டிய ஏரி இது. நீட்டிய கைகள்போலப் பல கிளைகளாகப் பிரிந்து கிடக்கும். படகுத்துறைக் கூட்டத்தை விட்டு விலகி, நாணல் மண்டிய ஒரு கையின் ஓரத்தில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவை ஒன்று 'பொளக்'கென்று மூழ்கும். அது எந்தப் பக்கம் எழும் என்று பந்தயம் கட்டலாம். நான் ஒருமுறையும் ஜெயித்ததில்லை.

கவனிக்க வேண்டியது காட்டுமாடு. சாலையோரம் மேய்வதைப் பார்த்தால் வீட்டு எருமை போலச் சாதுவாகத்தான் தெரியும், ஏமாறாதீர்கள். வெள்ளைக் காலுறை போட்டதுபோல் கால் இருந்தால் அதுதான். செல்ஃபி வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம், கத்தவும் வேண்டாம். வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள். அது போகட்டும், பிறகு நாம் போகலாம்.

தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் கொண்டுவாருங்கள், இங்கே சிறிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸை (ஆன்லைன் அனுமதிச் சீட்டை) முன்பே எடுத்துவிடுங்கள். கையில் தின்பண்டப் பொட்டலம் வேண்டாம்; குரங்கு பிடுங்கிய பிறகு அதனிடம் நியாயம் கேட்க முடியாது.