பின்கட்டு ஜெனரேட்டரின் காற்று வழியும் புகை வழியும்

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் பின்கட்டில் உள்ள டீசல் ஜெனரேட்டரின் குழாய்களை இடம் மாற்ற விரும்புவோர், தயாரிப்பாளர் அனுமதிக்கும் எதிரழுத்த அளவை (புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினை நோக்கித் திரும்பும் அழுத்தத்தின் அளவை) முதலில் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் புகைக்குழாய் நீளும்போதும் வளைவுகள் கூடும்போதும் எதிரழுத்தம் ஏறி, எஞ்சினின் திறன் குறைந்து, புகை கறுக்கும். நீளம் தவிர்க்க முடியாதெனில் குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கி, குறுகிய முழங்கைகளுக்குப் பதிலாக அகன்ற வளைவுகளைப் பொருத்துவதே முறை. எஃகுக் குழாய் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும் என்பதால், எஞ்சினை ஒட்டி, அந்த நீட்சியை ஏற்று வளைந்துகொடுக்கும் நெளிவு இணைப்பு ஒன்று தேவை. குழாயின் எடையைச் சுவர்தான் தாங்க வேண்டும், எஞ்சினின் புகையைத் திரட்டிக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டு அல்ல. தேக்கு உத்திரத்தின் அருகே காப்புறையில்லாத குழாயைக் கொண்டுபோவது நெருப்போடு விளையாடுவதுதான். புகை வீட்டின் நடுவிலுள்ள வளவு முற்றத்துக்குள் இறங்கக் கூடாது. எஞ்சின் காற்றை இழுக்கும் வாயைப் புகை வாயிலிருந்து விலக்கி, செம்மண் புழுதி எட்டாத உயரத்தில், நிழலில் அமைக்கவும். ஏனெனில் சூடான காற்றில் அடர்த்தி குறைவு; எஞ்சினின் திறனும் அதனால் குறையும்.