புதுக் காரின் உட்புறத்தைப் பாதுகாப்பது எப்படி? சேலம் வெயிலுக்கும் ஏற்காட்டு ஈரத்துக்கும் ஏற்ற செய்முறை

புதுக் கார் எடுப்பவர்கள் வெளிப்பூச்சில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று படும் கவலையில் பாதியைக்கூட உட்புறத்துக்காகப் படுவதில்லை. ஆனால், வண்டி நம்மிடம் இருக்கும் காலம் முழுவதும் நாம் உட்காருவதும் தொடுவதும் மூச்சு விடுவதும் உள்ளேதான். சேலத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. கீழே சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. அதே வண்டியில் மலையேறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டின் மூடுபனியும் சாரலும் காத்திருக்கின்றன. வெப்பம் பிளாஸ்டிக்கையும் துணியையும் வெளுக்கச் செய்கிறது. ஈரமோ பூஞ்சையையும் நாற்றத்தையும் கொண்டு வருகிறது. இரண்டையும் ஒரே வண்டி தாங்க வேண்டியிருப்பதால், எதை எப்போது செய்ய வேண்டும் என்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதற்படி: பூஜை நாளில் கவனம்

வண்டியைக் கையில் வாங்கியதும் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கோ ஊத்துமலை முருகன் கோயிலுக்கோ கொண்டு சென்று பூஜை போடுவது நம் வழக்கம். அதை நிறைவாகச் செய்யுங்கள். ஆனால், சந்தனத்தையும் குங்குமத்தையும் ஸ்டீயரிங்கிலும் டேஷ்போர்டிலும் நேரடியாக வைக்காமல், முன்கண்ணாடியின் வெளிப்புறத்திலும் பானட்டிலும் வைக்குமாறு அர்ச்சகரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரும் மனம் கோணாமல் செய்து தருவார். வெளிர்நிற இருக்கையில் குங்குமம் சிந்திவிட்டால், பதறிப் போய் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. காய்ந்த பொடியாக இருக்கும்வரை அது துணியின் மேல்தான் இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் இழைக்குள் இறங்கிச் சாயமாகிவிடுகிறது. ஆகவே, முதலில் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்து, மிச்சத்தை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அதன் பிறகே ஈரத்துணியைத் தொடுங்கள். விபூதியும் அப்படியே. அது தொடுதிரையின் மீது படிந்திருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் நுண்கீறல்கள் விழும்.

இரண்டாம் படி: பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றுதல்

இருக்கைகளின் மீது தொழிற்சாலையிலிருந்து வரும் பிளாஸ்டிக் உறையை மாதக்கணக்கில் கழற்றாமல் ஓட்டுபவர்களைச் சேலத்துச் சாலைகளில் இன்றும் காண்கிறேன். அழுக்குப் படியாது என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் அந்த உறை வியர்வையையும் ஈரத்தையும் உள்ளேயே அடைத்து வைக்கிறது. வெயிலில் சூடேறி ஒட்டிக்கொள்கிறது. இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அது விரிவதற்கும் தடையாகலாம். வீடு வந்து சேர்ந்த அன்றே கழற்றிவிடுங்கள்.

மூன்றாம் படி: சீட் கவரும் மேட்டும்

பணம் அதிகம் வீணாவதும் தவறு அதிகம் நேர்வதும் இங்கேதான் என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சீட் கவர் வாங்குவதற்கு முன், இருக்கையின் வெளிப்பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சிறிய துணிப்பட்டை தைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த இடத்தில் பிரிந்து வழிவிடும் தையல் உள்ள கவரை மட்டுமே போட வேண்டும். முழுவதும் இறுக்கித் தைத்த கவர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

துணி வகையில், ரெக்சின் துடைப்பதற்கு எளிது. ஆனால் மதிய வெயிலில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தால் தொடை சுடும், முதுகு வியர்க்கும். நம் ஊர் வெயிலுக்குக் காற்றுப் புகும் துணிக் கவரே மேல் என்பது என் கருத்து. இரண்டு செட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் வீடுகளில் முதலில் கறுப்பது தலை சாயும் இடம்தான். அங்கே ஒரு பருத்தித் துண்டைப் போர்த்தி, வாரம் ஒரு முறை மாற்றினால் போதும். கடையில் விற்கும் விலையுயர்ந்த உறை எதுவும் தேவையில்லை. புது ஜீன்ஸ் துணியின் நீலச் சாயம் வெளிர்நிற இருக்கையில் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காலடியில் விரிக்கும் மேட்டைப் பொறுத்தவரை, ஓரம் உயர்ந்த ரப்பர் மேட் ஏற்காடு செல்பவர்களுக்கு மிகவும் ஏற்றது. காலணியில் ஒட்டிவரும் செம்மண்ணும் மழைநீரும் கார்ப்பெட்டில் இறங்காமல் அதிலேயே தேங்கி நிற்கும். ஓட்டுநர் பக்கத்து மேட்டைத் தரையில் உள்ள கொக்கியில் மாட்டியே ஆக வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட் போடவே கூடாது. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், இடம்பெயர்ந்த மேட்டில் ஆக்சிலரேட்டர் பெடல் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதுதான். மேட் போட்ட பின், இன்ஜினை இயக்காமலே மூன்று பெடல்களையும் கடைசிவரை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: வெயிலைத் தடுத்தல்

மூடிய காருக்குள் வெயிலில் ஒரு மணி நேரத்தில் காற்றின் வெப்பம் வெளியே இருப்பதைவிட 20 டிகிரிக்கும் மேல் உயரக்கூடும். நேரடி வெயில் விழும் டேஷ்போர்டின் மேற்பரப்போ அதைவிடவும் சூடாகிறது. நிழல் கிடைக்காத இடத்தில், வெயில் பின்கண்ணாடி வழியாக விழும்படி வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். முன்கண்ணாடிக்கு உட்புறம் வெள்ளிநிறச் சன் ஷேடு வைப்பது, மொத்தச் செலவில் மிகக் குறைந்த தொகைக்கு மிக அதிகப் பயன் தரும் பொருள். கறுப்பு ஃபிலிம் ஒட்டித் தருவதாகக் கடைக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2012ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியையும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விட வேண்டும் என்பது விதி.

டேஷ்போர்டைப் பளபளப்பாக்கும் எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷையும் தவிர்க்கலாம். அந்தப் பளபளப்பு முன்கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூசச் செய்யும். அந்தப் பசையில் தூசும் வந்து ஒட்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பளபளப்பில்லாத, தண்ணீர் கலந்த வகையைக் கேட்டு வாங்கித் துணியில் ஊற்றித் தடவுங்கள். ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் எந்தப் பாலிஷும் படக் கூடாது, வழுக்கும். ஏ.சி. துவாரத்தருகே வைக்கும் திரவ வாசனைப் புட்டிகள் கசிந்தால் பிளாஸ்டிக்கில் ஆறாத தழும்பு விழும்.

ஐந்தாம் படி: தூசு

கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்களை ஒட்டிச் சென்று வருபவர்களுக்கு உள்ளே படியும் வெண்தூசைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அத்தகைய சாலைகளில் கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யை உட்காற்றுச் சுழற்சியில் வைத்து ஓட்டுங்கள். துடைக்கும்போது முதலில் பெயின்ட் பிரஷ்ஷால் துவாரங்களையும் பொத்தான் இடுக்குகளையும் தட்டி, பிறகு வேக்குவம் பிடித்து, கடைசியாகச் சற்றே நனைந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த துணியால் தூசைத் தேய்ப்பதுதான் கறுப்புப் பளபளப்புப் பட்டைகளில் கீறல் விழ முதற்காரணம்.

ஆறாம் படி: மலைப் பயணம்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. குழந்தைகளோடு செல்பவர்கள் வாந்திக்கான கவர், பழைய துண்டு, ஒரு பாட்டில் தண்ணீர் ஆகியவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இருக்கையில் வாந்தி பட்டுவிட்டால் தேய்க்காமல் வழித்தெடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். வெந்நீர் வேண்டாம், கறையையும் வாடையையும் அது துணியிலேயே பதிய வைத்துவிடும். ஈரம் வடிந்ததும் சமையல் சோடாவைத் தூவி, சில மணி நேரம் கழித்து வேக்குவம் பிடித்தால் வாடை பெருமளவு நீங்கும். பால், தயிர் சிந்தினாலும் இதே முறைதான். தட்டுவடை செட்டின் சட்னியும் பீட்ரூட் துருவலும் விட்டுச் செல்லும் கறை பிடிவாதமானது. வண்டியை நிறுத்திவிட்டு, கடை வாசலிலேயே சாப்பிட்டு முடித்துப் புறப்படுவதே நல்லது.

மேலே பனி மூடும்போது கண்ணாடியின் உட்புறத்தைக் கையால் துடைக்காதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை படிந்து பார்வையை மேலும் மறைக்கும். ஏ.சி.யைப் போட்டு, வெளிக்காற்றை உள்ளே எடுத்து, முன்கண்ணாடிப் பக்கம் காற்றைத் திருப்பினால் பனி விலகிவிடும். நனைந்த குடையையும் ஸ்வெட்டரையும் டிக்கியில் பூட்டி வைத்துக்கொண்டு இறங்காமல், ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து எடுத்து வாருங்கள்.

காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் கீழே வண்டியை நிறுத்தினால், அதன் இலைகள் பானட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் இடையிலுள்ள கறுப்புச் சல்லடைப் பள்ளத்தில் போய்ச் சேரும். அங்கிருக்கும் நீர்வடிகால் அடைபட்டால் மழைநீர் உள்ளே இறங்கிக் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். வெளியே தெரியாமல் நாற்றம் மட்டும் வரும். கிளம்பும்முன் அந்த இலைகளைக் கையாலேயே பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

வீடு திரும்பியதும் செய்ய வேண்டியவை

மேட்டுகளை வெளியே எடுத்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அவற்றுக்கு அடியிலிருக்கும் கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள்; ஈரம் தட்டுப்பட்டால் நான்கு கதவுகளையும் திறந்து வைத்து ஃபேன் காற்றில் காய விட வேண்டும். அன்றாடம் வண்டியை நிறுத்துவதற்கு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு முன்பே ஏ.சி.யை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிட்டால், உள்ளே குளிரூட்டும் பகுதி உலர்ந்து, மறுநாள் காலையில் வரும் புளித்த வாடை குறையும். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம், உள்ளே வரும் ஏ.சி. காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது முன்பயணி பக்கத்து டேஷ்போர்டுப் பெட்டிக்கு (குளோவ் பாக்ஸ்) பின்னால் இருப்பதால், ஒரு முறை அருகிலிருந்து பார்த்துக்கொண்டால் அடுத்த முறை நீங்களே கழற்றித் தூசு தட்டிவிடலாம்.