‘எர்ல்கோனிக்’ பாடலின் மர்ம உருவத்தை உளவியல் நோக்கில் கேட்பது எப்படி?

அச்சமூட்டும் பாடலில் ஒரு மர்ம உருவம் வந்தால், அது பேயா, மரணமா என்றே முதலில் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியை ஒத்திவைத்து, அந்த உருவத்தின் குரல் யார் காதில் விழுகிறது, யார் காதில் விழவில்லை என்று கவனியுங்கள். இதைப் பழகிக்கொள்ள, ஜெர்மன் கவிஞர் கதேயின் கதைப்பாடலுக்கு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் ஷூபர்ட் 1815இல், தமது 18ஆம் வயதில் இசையமைத்த ‘எர்ல்கோனிக்’ மிகவும் பொருத்தமானது. நள்ளிரவில் மகனை அணைத்தபடி தந்தை குதிரையில் விரைகிறார். எர்ல்கோனிக் என்னும் மாய அரசன் சிறுவனை அழைத்துக்கொண்டே வருகிறான். வீடு சேரும்போது சிறுவன் இறந்திருக்கிறான்.

பாடலின் பொருளை வாசித்தபின், முதலில் தந்தையின் பதில்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அரசன் தெரியவில்லையா என்று மகன் கேட்டால், அது மூடுபனி என்கிறார். அவன் பேசுவது கேட்கவில்லையா என்றால், சருகுகளில் காற்று சலசலக்கிறது என்கிறார். அவனுடைய மகள்கள் தெரியவில்லையா என்றால், அவை பழைய வில்லோ மரங்கள் என்கிறார். மூன்றும் அன்போடு சொன்னவை, அறிவுக்கும் பொருந்துபவை. ஆயினும் சிறுவனின் அச்சத்தை அவற்றில் ஒன்றுகூடத் தணிக்கவில்லை. அரசன் தன்னைப் பிடித்துவிட்டான் என்று மகன் அலறும்போது, தந்தையிடம் பதிலே இல்லை. நடுங்கியபடி குதிரையை விரட்டுகிறார்.

அடுத்து பியானோவைக் கேளுங்கள். ஒரே சுரத்தை மும்மூன்றாக இடைவிடாமல் அடிக்கும் வலக்கையில் குளம்பொலியும் நெஞ்சின் படபடப்பும் ஒருசேரக் கேட்கும். அரசன் வாய் திறந்ததும் அந்தத் துடிப்பு தணிந்து, இசை சோகச் சாயல் கொண்ட மைனர் சுர அமைப்பிலிருந்து மலர்ச்சியான மேஜர் அமைப்புக்கு மாறி இனிமையாகிறது. இந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது நல்லது. அவன் மிரட்டவில்லை, விளையாட்டு, பூக்கள், பொன்னாடை, நடனம் என்று ஆசை காட்டுகிறான். இணங்காவிட்டால் வலிந்து கொண்டுபோவேன் என்பது அவனுடைய கடைசி அடியில்தான் வெளிப்படுகிறது. குழந்தைகளை வசப்படுத்திச் சீரழிப்பவரின் சித்திரமாக இதை வாசிப்போர் உண்டு. காய்ச்சலில் கண்ட மாயத்தோற்றம் என்போரும் உண்டு. இரண்டுக்கும் பாடலில் இடமிருக்கிறது. ஆனால் காய்ச்சல் என்று கவிதையில் எங்கும் சொல்லப்படவில்லை. அந்த விளக்கத்தோடு நின்றுவிட்டால், தந்தை சொல்லாமல் விட்ட நான்காவது பதிலை நாம் சொன்னதாகிவிடும் என்பதே என் கருத்து.

கடைசியாக, கதைசொல்லி, தந்தை, மகன், அரசன் ஆகிய நால்வரையும் பெரும்பாலும் ஒரே பாடகர்தான் பாடுகிறார் என்பதை மனத்தில் இருத்திக் கேளுங்கள். ஆசைகாட்டும் குரலும், ஒவ்வொரு முறையும் மேலே ஏறும் அலறலும் ஒரே தொண்டையிலிருந்து வருவதால், அந்த உருவம் வெளியே இருக்கிறதா, சிறுவனுக்குள்ளேயே இருக்கிறதா என்பதை இசை தீர்த்துச் சொல்வதில்லை. பாடகர் அரசனின் குரலை அரக்கனுடையதுபோல் கரகரப்பாக்கினால் இந்த ஐயம் எழாது. அப்போது வேறொரு பதிவைத் தேடிக் கேளுங்கள்.