ஷீட் ரூமுக்கு ஸ்ப்ரே ஃபோம்: எங்க அடிக்கணும், எங்க வேண்டாம்

மார்ச் வந்துட்டா நம்ம பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் பக்கம் ஷீட் போட்ட ரூம்ல மத்தியானம் உக்கார முடியறதில்லைங்க, ஃபேன் போட்டா அனல்தான் கீழ எறங்குது. தகரம் 60 டிகிரிக்கு மேல காஞ்சு தலைக்கு மேல நிக்கற வரைக்கும் ஏசியும் ஓடிட்டேதான் இருக்கும், கரண்ட் பில்லும் ஏறிட்டேதான் இருக்கும். இதுக்கு ஸ்ப்ரே ஃபோம் நல்ல வழிதான், ரெண்டு கெமிக்கல கலந்து ஷீட்டுக்கு அடில பீச்சுவாங்க, அது நுரையா உப்பி கெட்டியாகி சூட்ட தடுக்கும், ஆனா எல்லா கூரைக்கும் இல்ல.

மொதல்ல வேண்டாத எடத்த சொல்லிடறேன். மொட்ட மாடி மேல ட்ரஸ் வச்சு ஷீட் போட்டு நாலு பக்கமும் தொறந்து விட்டிருந்தா அங்க ஃபோம் அடிக்கறது வெட்டிச் செலவு, காத்து போய்ட்டு வர்ற எடம் அது, ஷீட்டோட நெழலே கீழ இருக்கற கான்க்ரீட்ட காப்பாத்திடும். பழைய ஓட்டு வீடுன்னா தொடவே தொடாதீங்க, ஓடும் அத தாங்கற ரீப்பர் கட்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், மழைல ஒரு ஓடு ஒடஞ்சா மாத்த முடியாது, ஈரம் உள்ள மாட்டி மரம் மக்கிப் போகும், அதுக்கு அடில சீலிங் போடறதுதான் சரி. ஜன்னல தொறந்து வச்சு பொழங்கற வீட்ல செவுத்துக்கும் தேவையில்ல, மேக்கு வெயில் படற செவுத்துக்கு நெழல் குடுங்க போதும்.

ஆளு தங்கற, நாலு பக்கமும் மூடின ஷீட் ரூம், அதுக்குத்தான் இது. கைல காசு கம்மின்னா இந்த வருஷம் ஷீட் மேல வெள்ள கூல் ரூஃப் பெயிண்ட் மட்டும் அடிங்க, அதுலயே வித்தியாசம் நல்லா தெரியும்.

ஃபோம்ல ஓப்பன் செல், குளோஸ்டு செல்னு ரெண்டு வகை. ஓப்பன் செல் வெல கம்மி, ஆனா ஸ்பாஞ்சு மாதிரி தண்ணி குடிக்கும், எடவப்பாதி மழை, அதான் ஜூன்ல ஆரம்பிக்கற தென்மேற்கு பருவ மழை, பெய்யற ஊருக்கு குளோஸ்டு செல்தான். ரெண்டு இஞ்ச் போதும், டென்சிட்டி ஒரு கன மீட்டருக்கு 30 கிலோவுக்கு கொறையக்கூடாதுன்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்கிக்கங்க.

டிசம்பர், ஜனவரில பாலக்காட்டு கணவாய் காத்து அடிக்கறப்ப வேலைய வைக்காதீங்க, ஃபோம் தூறல் பறந்து பக்கத்து வீட்டு கார் மேல ஒட்டுச்சுன்னா போகாது. பிப்ரவரி கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்லது, அதுவும் காலைல, ஷீட் சூடேறதுக்கு முன்னாடி. அதுக்கும் முன்னாடி ஒழுகற ஸ்க்ரூ வாஷரெல்லாம் மாத்தி, துருவ தேச்சு எடுத்து ப்ரைமர் அடிச்சு, கரண்ட் ஒயர பைப்புக்குள்ள போட்ருங்க, ஃபோமுக்கு பின்னாடி ஒழுகுனா எங்கன்னு கண்டுபுடிக்கறது ரொம்ப கஷ்டம்.

அடிக்கறப்ப ரெண்டு இஞ்சயும் ஒரே அடியா போட விடாதீங்க. ரெண்டு கெமிக்கலும் சேந்தா தானாவே சூடாகும், தடிமனா போட்டா உள்ள கருகும், தீயே புடிக்கலாம், அதனால ஒரு கோட் ஆறுன பின்னாடி அடுத்தது. அந்த ரெண்டு கெமிக்கல்ல ஒண்ணு ஐசோசயனேட், நுரையீரலுக்கு ஆகாது, ஆஸ்துமாவ கெளப்பி விடும், அதனால வீட்ல எல்லாரும் ஒரு நாளைக்கு வெளிய தங்கிடுங்க, கொழந்தைங்க, வயசானவங்க கண்டிப்பா. சரியான மாஸ்க் இல்லாம வர்ற ஆள திருப்பி அனுப்பிடுங்க, அவங்க ஒடம்பும் முக்கியம்.

காஞ்சதும் ஓரத்துல ஒரு துண்டு வெட்டி பாருங்க. ஒரே கலர்ல, கெட்டியா இருக்கணும். பிசுபிசுன்னு இருந்தாலோ மீன் வாடை வந்தாலோ கலவ தப்பு, சொரண்டிட்டு திரும்ப அடிக்க சொல்லுங்க, வாடை தானா போயிடும்னு சொன்னா நம்பாதீங்க.

ஃபோம் எரியும், பொகை விஷம். அதனால உள்பக்கம் ஜிப்சம் போர்டு இல்லன்னா தீ தாங்கற கோட்டிங் போட்டே ஆகணும், இதுல மட்டும் காசு மிச்சம் பண்ணாதீங்க. அடுப்பு எரியற ரூம்ல காத்து போற வழிய அடைக்கவும் கூடாது.

ஏசி பைப் ஓட்டை, ஜன்னல் சந்துக்கெல்லாம் ஹார்டுவேர் கடைல கெடைக்கற கேன் ஃபோம் போதும், நீங்களே அடிக்கலாம். சந்துல லேசா தண்ணி தெளிச்சுட்டு பாதி அளவுக்கு மட்டும் அடிங்க, மிச்சத்த அதுவே உப்பி ரொப்பிக்கும், நெறைய அடிச்சா ஜன்னல் ஃப்ரேமே வளைஞ்சுடும். வெளிய பிதுங்கறத மறுநாள் கத்தில சீவிட்டு மேல பெயிண்ட் அடிச்சுடுங்க, வெயில் பட்டா பொடிப் பொடியா உதுந்துடும்.