ஊருக்குப் போற ரிக்கெற்றும் கவனிக்காத மைல்ஸும்

குடும்பமா ஊருக்குப் போறதெண்டா ரிக்கெற்றுக்கே எவ்வளவு காசு போகுது, ஆனா அதில வாற மைல்ஸை, அதான் பறக்கிறதுக்கு எயார்லைன் எங்கட எக்கவுண்ட்டில போடுற, பிறகு ரிக்கெற் எடுக்கக்கூடிய புள்ளியளை, எங்கட ஆக்கள் கனபேர் திரும்பியும் பாக்கிறேல்லை. ஒருக்கா கட்டார், ஒருக்கா எமிரேட்ஸ், பிறகு சிங்கப்பூர் எண்டு மலிவைப் பாத்து மாறி மாறிப் போனா ஒவ்வொரு எக்கவுண்ட்டிலயும் கொஞ்சம் கொஞ்சமாக் கிடந்து காலாவதியாகிடும். கட்டார், பிரிட்டிஷ் எயார்வேஸ், ஸ்ரீலங்கன் மூண்டும் வன்வேர்ல்ட் எண்ட எயார்லைன் கூட்டணி, எதில பறந்தாலும் ஒரே எக்கவுண்ட்டில போடலாம். சிங்கப்பூர், லுஃப்தான்சா, எயார் கனடா, எயார் இந்தியா எல்லாம் ஸ்டார் அலையன்ஸ் எண்ட இன்னொரு கூட்டணி. எமிரேட்ஸ் ஒரு கூட்டணியிலயும் இல்லை.

எங்களுக்குப் பெரிய சிக்கல் பேர்தான். பாஸ்போட்டில அப்பான்ர பேர் முழுசா இருக்கும், எக்கவுண்ட்டில இனிஷியல் மட்டும் இருக்கும், இல்லாட்டி முன்பின் மாறி இருக்கும். எனக்கு இப்பிடித்தான் ஒருக்கா போய்வந்த மைல்ஸ் ஒண்டுமே ஏறேல்லை, கேட்டு எழுதுவம் எண்டா போர்டிங் பாஸையும் எறிஞ்சிட்டன். இப்ப மைல்ஸ் ஏறினதைக் கண்ணால காணும்வரை போர்டிங் பாஸ் பாஸ்போட்டுக்குள்ளயே இருக்கும். பாஸ்போட்டில எப்பிடியோ அப்பிடியே எழுத்துக்கெழுத்து எக்கவுண்ட்டைத் திறவுங்கோ.

செலவழிக்க முதல் ஒரு கணக்குப் போடுங்கோ. ரிக்கெற் 1,200 டொலர் எண்டு வைப்பம், மைல்ஸில எடுத்தா 60,000 மைல்ஸும் வரி, சார்ஜ் எண்டு 300 டொலரும் கேக்குது, அப்ப மிச்சம் பிடிக்கிறது 900 டொலர், ஒரு மைலுக்கு ஒண்டரைச் சதம், அது நல்லம். ஒரு சதத்துக்குக் கீழ வந்தா காசைக் குடுத்தே வாங்குங்கோ, அதுக்குத் திரும்ப மைல்ஸும் சேரும். மைல்ஸைக் குடுத்து சாமான் வாங்கிற வேலை மட்டும் வேண்டாம், பெறுமதி பாதிகூட வராது.

பள்ளிக்கூட லீவுக்குப் போறதெண்டா மைல்ஸ் சீற் கெதியா முடிஞ்சிடும். சிங்கப்பூரும் பிரிட்டிஷ் எயார்வேஸும் பறக்கிறதுக்கு 355 நாளுக்கு முதலே சீற்றைத் திறக்கினம், அப்பவே பாக்கோணும். கிரெடிட் காட் பொயின்ற்ஸை சீற் இருக்கெண்டு கண்டபிறகுதான் மைல்ஸா மாத்துங்கோ, மாத்தினா திருப்பி எடுக்கேலாது.

ரெண்டு வயசு தாண்டின பிள்ளைக்கும் தனி சீற் எடுக்கிறியள்தானே, அதுக்கும் மைல்ஸ் வரும், அவையின்ர பேரிலயும் திறந்து குடும்ப எக்கவுண்ட்டில சேத்துவிடுங்கோ. அம்மாவை இஞ்ச கூப்பிட உங்கட மைல்ஸில ரிக்கெற் எடுக்கிற எண்ணம் இருந்தா அவவின்ர பேரையும் முதலே பதிஞ்சு வையுங்கோ, சில எயார்லைன்ஸில பதியாத ஆளுக்கு எடுக்க விடாயினம்.